பிடி கணக்கு: எடை தூக்குபவர்களின் முன்கை வலி

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் ஜிம்முக்கு வருகிற பலருக்கு அது அன்றைய இரண்டாவது உடலுழைப்பு. பகலெல்லாம் தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்தரியோ மண்வெட்டியோ கையில் இருந்திருக்கும். கேரட் மூட்டை ஏற்றி இறக்கியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் மலைப்பாதையில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வண்டி ஓட்டியிருப்பார்கள். மாலையில் ஜிம்முக்குள் நுழைந்ததும், அன்றைக்கு அந்தக் கை எதையுமே தொடாதது போல கர்ல் (முழங்கையை மடக்கி எடை தூக்குவது), ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) எல்லாம் வரிசையாக நடக்கும். முன்கை வலி இங்கே இவ்வளவு பரவலாக இருக்க இதுதான் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகள், நாள் முழுக்கக் கத்தரி பிடித்த கையை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

அதனால் தைலம், மாத்திரை, பெல்ட் என்று போவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. வலி எங்கே என்று ஒரு விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். கை ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு பிடிக்கிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கே வலிக்கிறது?

உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையை நீட்டுங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் மேலோ, அதற்குச் சற்றுக் கீழேயோ விரல் நுனி அளவு இடத்தை அழுத்தும்போது சுள்ளென்று வலித்தால், மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். டென்னிஸ் எல்போ என்பது இதுதான். டென்னிஸ் மட்டையையே பார்க்காதவர்களுக்கும் வரும். உறுதி செய்துகொள்ள ஒரு எளிய வழி: முழங்கையை மடக்காமல், உள்ளங்கை கீழே பார்க்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகுப்பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள். அதே இடத்தில் வலித்தால் சந்தேகம் பெரும்பாலும் சரிதான். கையை நீட்டி, நடுவிரலை மட்டும் மேலே தூக்கி, மறு கையால் அதைக் கீழே அழுத்திப் பார்ப்பது இன்னொரு வழி.

மணிக்கட்டை மேலே தூக்கும் பயிற்சி எதுவும் செய்யவில்லையே, பிறகு ஏன் அங்கே வலிக்கிறது என்று பலர் கேட்பார்கள். எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது, விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து உள்பக்கமாக இழுக்கும். அது மடங்கிவிடாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்து நிறுத்துபவை இந்த வெளிப்பக்கத் தசைகள். ஆகவே ஒவ்வொரு இறுக்கமான பிடியும் அவற்றுக்கு வேலைதான். டெட்லிஃப்ட் ஆனாலும் சரி, தண்ணீர்க் குடம் ஆனாலும் சரி.

முழங்கையின் உள்பக்க முண்டில் வலித்தால் விரலையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகளின் தசைநாண். கோல்ஃபர் எல்போ என்பார்கள். புல்-அப், உள்ளங்கை தன்னைப் பார்க்கும் சின்-அப், கயிறு ஏறுதல், நேரான பாரில் (எடை மாட்டும் இரும்புக் கம்பி) கனமான கர்ல் ஆகியவை இதை வரவழைக்கும். ஸ்குவாட்டில் (பாரை முதுகில் தாங்கி உட்கார்ந்து எழுவது) பாரைத் தோளுக்குக் கீழே தாழ்வாக வைத்து, அதன் எடையை மணிக்கட்டால் தாங்கினாலும் இதே இடத்தில் வலி வரும். கால் பயிற்சியால் முழங்கை வலிக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை, அதனால் காரணம் பல மாதம் பிடிபடாமலே போகும். பிடியைக் கொஞ்சம் அகலமாக்கி, பாரை முதுகின் மேல் தசையிலேயே உட்கார வைத்து, மணிக்கட்டை நேராக வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உள்பக்க வலியோடு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போனால் அது வேறு விஷயம். அந்த முண்டுக்குப் பின்னால் ஓடும் நரம்பு நசுங்குகிறது. முழங்கையை மடக்கி வைத்துத் தூங்குவதையும், மேசை விளிம்பில் ஊன்றுவதையும் நிறுத்த வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்தால் சிக்கல் மணிக்கட்டில் இருக்கும் நரம்பில்.

கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டிலிருந்து சுமார் நான்கு விரல்கடை மேலே, புறங்கைப் பக்கமாக வீங்கி, மணிக்கட்டை ஆட்டும்போது விரலுக்கடியில் நறநறவென்று உரசுவது தெரிந்தால், அங்கே ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் தசைநாண்கள் உராய்ந்து புண்பட்டிருக்கின்றன. இந்த ஒன்றுக்கு மட்டும் முதல் இரண்டு வாரம் உண்மையான ஓய்வு வேண்டும். பயிற்சி செய்து சரிசெய்யலாம் என்று இறங்கினால் மோசமாகும்.

முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்க எலும்பு நெடுக, கர்ல் செய்து எடையைக் கீழே இறக்கும்போது மட்டும் வரும் குடைச்சல் இன்னொரு வகை. நேரான பார் மணிக்கட்டை முழுவதுமாக வெளிப்பக்கம் திருப்பி வைத்திருக்கும், எல்லாருடைய கையும் அதற்கு ஒத்துவராது. வளைந்த இசட் பாருக்கோ டம்பெல்லுக்கோ மாறினாலே பலருக்கு அடங்கிவிடும். எலும்பின் மேல் ஒரே இடத்தில் தட்டினால் வலிக்கிறது, ஓய்விலும் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

நாளின் மொத்தப் பிடி

தசை சில வாரங்களில் பலமாகும். தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், இடைவெளி விட்டுத் திரும்ப வந்தவர்களுக்கும் வலி வருவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். தூக்க முடிகிறது என்பதால் தூக்கிவிடுகிறோம்.

நம் ஊர் ஜிம்களில் சின்ன பிளேட் பல இடங்களில் 2.5 கிலோதான். இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ கூடுகிறது. 20 கிலோவில் கர்ல் செய்தவர் 25 கிலோவுக்குப் போனால் கூடியது கால் பங்கு. ஸ்குவாட்டில் 5 கிலோ ஒன்றுமில்லை, முன்கைக்கு அது பெரிய சுமை. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால், 8 முறை செய்வதை 12 ஆக்கி, அந்த 12 இரண்டு வாரம் சுலபமாக வந்த பிறகே எடையைக் கூட்டுங்கள்.

கத்தரிக்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. மழுங்கிய கத்தரிதான் முழங்கைக்கு முதல் எதிரி. வெட்டு விழாமல் இலை மடங்கிக்கொள்ளும்போது கை தன்னையறியாமல் இன்னும் அழுத்தும், அது ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சரியாகச் சாணை பிடித்து, நடு ஆணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, திருகை அளவாகத் தளர்த்தி வைத்தால் அழுத்தம் வெகுவாகக் குறையும். கைப்பிடி மெல்லியதாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொஞ்சம் பருமனாக்கலாம். மெல்லிய பிடியை விரல்கள் அதிகம் மடங்கி இறுக்க வேண்டியிருக்கும்.

ஜிம் பாருக்கு நேர் மாறாக யோசியுங்கள். நல்ல பார்பெல் 28 மில்லிமீட்டர் விட்டம். லேத்தில் செய்த உள்ளூர் பார்கள் அதைவிடப் பருமனாக இருப்பதுண்டு, அதன் மேல் தடித்த ஸ்பாஞ்ச் கையுறையும் மாட்டினால் விரல் முழுதாகச் சுற்றி வராது, பாதி திறந்த கையால் கனமான எடையைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பீர்கள். வலி இருக்கும் வரை கையுறையைக் கழற்றிவிடுங்கள். வழுக்கினால் கையில் தடவும் சாக் பொடி போதும்.

இரு சக்கர வண்டியையும் கணக்கில் சேருங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்க 36. நான்கு விரலாலும் பிரேக்கைக் கவ்விக்கொண்டு இறங்கினால், ஜிம்முக்குப் போகாமலே கை அன்றைய பிடியை முடித்துவிட்டது. கியர் வண்டியில் இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும். இன்னொன்று, லீவரின் கோணம். சீட்டில் உட்கார்ந்து கையை இயல்பாக நீட்டும்போது, முன்கை, புறங்கை, லீவர் மேல் படும் விரல் எல்லாம் ஒரே கோட்டில் வர வேண்டும். பல வண்டிகளில் லீவர் மேலே தூக்கியிருக்கும், மணிக்கட்டு பின்னுக்கு வளைந்தே நிற்கும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திச் சற்றுக் கீழே திருப்பி இறுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

குளிர்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலை ஆறு மணிக்கு இரும்புக் கம்பியைப் பிடித்தால் விரல் உணர்ச்சி மங்கும். உணர்ச்சி மங்கிய கை தேவைக்கு அதிகமாக இறுக்கும். எடையின் அளவு மாறாவிட்டாலும் முழங்கைக்குப் போகும் சுமை கூடிவிடும்.

கிளம்பும் முன் முழங்கை வரை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். ஜிம்மில் முழுக்கை ஸ்வெட்டரை முதல் கால் மணி நேரம் கழற்ற வேண்டாம். முதலில் வெறும் பாரில் 15 முறை இரண்டு செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்), பிறகு அன்றைய எடையில் பாதி 8 முறை, பிறகு முக்கால் பங்கு 4 முறை, அதன் பிறகே முழு எடை. சமவெளியில் ஒரு செட்டோடு தொடங்குகிறவர்களைப் பார்த்து இங்கேயும் அப்படியே செய்யாதீர்கள்.

சரிசெய்யும் முறை

முழு ஓய்வு எடுத்தால் வலி அடங்கும், திரும்பப் பாரைப் பிடித்த முதல் வாரமே வந்துவிடும். காரணம், ஓய்வில் தசைநாண் இன்னும் பலவீனமாகிறது. முழங்கை வலி நாள்பட்டதாகிவிட்டால் அதில் வீக்கத்தைவிட நார்களின் அமைப்புக் குலைவுதான் பெரும்பங்கு. அதனால் வலி மாத்திரையால் அது பழுதுபார்க்கப்படுவதில்லை. அளவான சுமைதான் அதை மறுபடி கட்டும்.

முதல் இரண்டு வாரம்: பிடித்து இழுக்கும் செட்டுகளைப் பாதியாக்குங்கள். ரோயிங்குக்கும் டெட்லிஃப்டுக்கும் லிஃப்டிங் ஸ்ட்ராப் (மணிக்கட்டில் மாட்டிப் பாரைச் சுற்றும் பட்டை) கட்டிக்கொள்ளுங்கள். ஸ்ட்ராப் கட்டினால் பிடி வளராது என்று கடிந்துகொள்ளும் பயிற்சியாளர்கள் உண்டு. வலியுள்ள கைக்கு அந்த விதி பொருந்தாது. முதுகும் காலும் பயிற்சியை இழக்காமல் முழங்கைக்கு மட்டும் ஓய்வு தர இதைவிட எளிய வழி கிடையாது. பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளுவது) பார் விரல்களின் அடிப்பக்கம் இல்லாமல் உள்ளங்கையின் அடிமேட்டில், முன்கை எலும்புக்கு நேர் மேலே உட்கார வேண்டும்.

அதே இரண்டு வாரம், தினமும் அசையாமல் பிடிக்கும் பயிற்சி. மேசை மேல் முன்கையை வைத்து மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். வெளிப்பக்க வலிக்கு உள்ளங்கை கீழே பார்க்க, உள்பக்க வலிக்கு மேலே பார்க்க. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ, தொடங்க அது போதும். மணிக்கட்டை நேர்கோட்டில் நிறுத்தி 30 முதல் 45 விநாடி அசையாமல் பிடியுங்கள். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி. மொத்தம் 5 முறை. பலருக்கு இதைச் செய்து முடித்த கையோடு வலி கொஞ்சம் இறங்கும்.

மூன்றாவது வாரத்திலிருந்து மெதுவாக இறக்கும் பயிற்சி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதே மேசை, அதே நிலை. எடையை மேலே கொண்டுபோக மறு கை உதவட்டும். இறக்கும்போது வலியுள்ள கை மட்டும், 4 அல்லது 5 விநாடி எடுத்துக்கொண்டு. 15 முறை, 3 செட். 15 முறையும் சுலபமாக வந்தால் அரை கிலோ கூட்டுங்கள். ஆறாவது வாரம் வாக்கில் எடையைக் கூட்டி 8 முதல் 10 முறை, 3 செட் என்று மாறலாம். முழங்கையை மடக்கி வைத்துத் தொடங்கி, பிறகு கையை நீட்டி வைத்துச் செய்யுங்கள். கை நீண்டிருக்கும்போது வெளிப்பக்கத் தசைநாணுக்கு இழுவை அதிகம், ஆகவே அது கடைசியில்தான் வர வேண்டும்.

பெரும்பாலோர் விட்டுவிடுவது திருப்பும் பயிற்சியை. அரைக் கிலோ சுத்தியல் ஒன்று போதும். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகைக்கு மடக்கி, சுத்தியலைக் கைப்பிடியின் நுனியில், தலை மேலே பார்க்கப் பிடியுங்கள். தலை இடப்பக்கம் சாயட்டும், நிமிரட்டும், வலப்பக்கம் சாயட்டும், நிமிரட்டும். தோள் கூடவே ஆடக் கூடாது. 10 முறை, 2 செட். தலை கட்டுப்பாடின்றி விழுந்தால் பிடியை இரண்டு அங்குலம் மேலே ஏற்றிக்கொள்ளுங்கள், சுமை உடனே குறையும். இப்படிப் பிடியை ஏற்றியும் இறக்கியும் ஒரே சுத்தியலில் பல எடைகளைப் பெறலாம்.

வலியின் அளவுகோல் இதுதான். பத்துக்கு மூன்று வரை வலித்தால் தொடரலாம். மறுநாள் காலை அது முந்தைய நாள் நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். காலையில் டம்ளரைத் தூக்கவே கூடுதலாக வலித்தால் நேற்றைய அளவு அதிகம், இரண்டு செட்டைக் குறையுங்கள். பயிற்சியின்போது வலி இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். சூடேறிய தசைநாண் அந்த நேரம் வலியை மறைத்துவிடும்.

சரியாக 6 முதல் 12 வாரம் ஆகும். ஆறு மாதமாக இருந்த வலியென்றால் இன்னும் நாளாகலாம். வீட்டு வேலையிலும் ஒரு மாற்றம் செய்யுங்கள். வெளிப்பக்க வலி உள்ளவர்கள் பையையும் பாத்திரத்தையும் உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்குங்கள். துவைத்த ஸ்வெட்டரை முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டுக்குள் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும்.

தைலம், பெல்ட், ஊசி

நீலகிரித் தைலமும் விண்டர்கிரீன் எண்ணெயும் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. தோலில் சூட்டையும் எரிச்சலையும் கிளப்பி வலியுணர்வை மட்டுப்படுத்தும், அந்த அளவுக்கு நல்லவை. தூங்கும் முன் தடவிக்கொள்ளலாம். ஆனால் தடவியதும் வலி தெரியவில்லை என்று போய்ப் பாரைப் பிடிக்காதீர்கள். விண்டர்கிரீன் எண்ணெய் ஏறக்குறைய முழுக்கவே மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பம். அதைத் தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் தோல் பொத்துப் போகும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம். குழந்தை ஒரு டீஸ்பூன் விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து, பாட்டிலை உயரத்தில் வையுங்கள்.

சுளுக்கு வழிப்பதாகச் சொல்லி வலிக்கும் முண்டின் மேலேயே அழுத்தித் தேய்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தசையின் சதைப்பகுதியில் மிதமாகத் தேய்க்கலாம், எலும்பின் மேல் வேண்டாம்.

முழங்கைப் பட்டையை வலிக்கும் இடத்தின் மேலேயே கட்டுவது பொதுவான தவறு. அந்த முண்டிலிருந்து இரண்டு விரல்கடை கீழே, சதைப்பகுதியில் கட்ட வேண்டும். பட்டைக்கடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். கை மரத்தால் இறுக்கம் அதிகம். வேலை நேரத்தில் மட்டும் போதும்.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் அற்புதமாக இருக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களைவிட நிலைமை மோசமாக இருப்பதும், வலி திரும்பி வருவதும் ஆய்வுகளில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. டென்னிஸ் எல்போவுக்கு முதல் மாதமே ஊசி கேட்டுப் போக வேண்டாம்.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. எடை தூக்கும்போது முழங்கை மடிப்பில் 'டப்' என்று விட்டுப்போய், நீலம் பாரித்து, பைசெப்ஸ் மேலே சுருண்டுகொண்டால் தசைநாண் அறுந்திருக்கிறது. தைத்துச் சேர்ப்பதானால் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வதே சிறந்தது, அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர் ஒரே நாளில் அளவுக்கு மீறிச் செய்து, அடுத்த ஒன்றிரண்டு நாளில் கை கல்லாக வீங்கி, சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் நேராக அவசரப் பிரிவுக்குத்தான். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிடி நாளுக்கு நாள் தளர்வது, மரத்துப்போவது நீங்காமலிருப்பது, இடக்கை வலியோடு நெஞ்சிலும் இறுக்கம் ஆகியவையும் இந்தப் பட்டியலில்தான்.

ஆள்சேர்ப்புக்குப் பயிற்சி செய்பவர்கள்

வெலிங்டனில் ராணுவ மையம் இருக்கும் மாவட்டம் இது, ராணுவக் கனவோடு புல்-அப் பழகும் பிள்ளைகள் அதிகம். அக்னிவீர் தேர்வில் முழு மதிப்பெண்ணுக்கு 10 புல்-அப். காவலர் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல். இரண்டும் முழங்கையின் உள்பக்கத்தைத்தான் தின்னும். தினமும் முடிகிற மட்டும் இழுத்துப் பார்க்கும் வழக்கத்தை விடுங்கள். 6 எடுக்க முடிந்தவர் 3 எடுத்து நிறுத்தட்டும், அப்படி 5 செட், வாரம் மூன்று நாள். கீழே இறங்கும்போது 2 விநாடியாவது எடுத்துக்கொள்ளுங்கள், கை நீண்டு முடியும் இடத்தில் தொப்பென்று விழுந்து தொங்குவதில்தான் தசைநாண் அடிபடுகிறது. கயிறு ஏறும் நாளில் புல்-அப் வேண்டாம். கயிற்றில் வழுக்கி இறங்காமல் கைக்குக் கை மாற்றி இறங்குங்கள்.

வலி போன பிறகும் சுத்தியலையும் மேசைப் பயிற்சியையும் வாரம் இரண்டு நாள் விடாமல் செய்யுங்கள், பத்து நிமிட வேலைதான். தோட்டத்தில் கொழுந்து குவியும் வாரங்களில் ஜிம் அட்டவணையில் இழுக்கும் நாட்களை ஒன்றாகக் குறைத்து, அன்றைக்கும் ஸ்ட்ராப் கட்டிக்கொள்ளுங்கள். பறிப்பு குறைந்ததும் வாரத்துக்கு இரண்டு செட் வீதம் பழைய அளவுக்கு ஏற்றலாம்.